வூகரும் பொலிசையும்: ஒரு செருமானிய நிதிச்சொல்லின் பிறப்பும் திருப்பூர் வட்டார வட்டி வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

செருமானிய மொழியில் கொடுவட்டியைக் குறிக்கும் ‘வூகர்’ என்னும் சொல் தொடக்கத்தில் கால்நடையின் ஈற்றையும் நிலத்தின் விளைவையும் குறித்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் வட்டிக்கு வழங்கிய ‘பொலிசை’யும் அதே பொருட்புலத்தில் தோன்றியது. இவ்விரு சொற்களின் போக்கையும் ஒப்பிட்டு, ‘வூகர்’ என்பதைக் ‘கந்துவட்டி’ என்று பெயர்ப்பதால் நேரும் பொருளிழப்பைத் திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியின் வழக்குகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வூகர், பொலிசை, வட்டி, பொலிகாளை, கந்துவட்டி, திருப்பூர்

சிக்கல்

செருமானிய மொழியில் அளவுமீறிய வீட்டு வாடகைக்கு ‘மீட்வூகர்’ என்று பெயர். கொடுக்க வேண்டிய கூலியில் பெரும்பகுதியைக் குறைத்துக் கொடுப்பது ‘லோன்வூகர்’. தோட்டத்தில் களை கட்டுக்கடங்காமல் மண்டினால் அதனையும் ‘வூகர்ன்’ என்னும் வினையால் சுட்டுவர். உடலில் தசை மிகையாக வளர்வதை மருத்துவர் ‘வூகருங்’ என்பர். கடனுக்குக் கொடுவட்டி வாங்குவது வெறும் ‘வூகர்’. வட்டி, வாடகை, கூலி, களை, தசை ஆகிய ஐந்தையும் ஒரே சொல்லடி தழுவி நிற்கிறது.

இச்சொல்லைத் தமிழில் தர முயல்வோருக்கு முதலில் கைக்கு எட்டுவது ‘கந்துவட்டி’ என்பதே. கடனைப் பற்றிய தொடர்களில் அது பொருந்தும். கூலியைப் பற்றிய தொடரில் வந்தவுடனே இடறும். இந்த இடறல் மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் நேர்வதன்று. இரண்டு மொழிகளும் ஓரிடத்தில் தொடங்கி வெவ்வேறு வழிகளில் சென்றதன் விளைவு அது. தொடங்கிய இடம் எது என்று காண்பது முதற்பணி.

சொல்லின் வேர்

பழைய உயர்செருமானியத்தில் இச்சொல்லின் வடிவம் ‘வுவொஹர்’. அதன் பொருள் விளைச்சல், கனி, கால்நடை ஈனும் கன்று, மக்கட்பேறு, ஆதாயம் என விரியும். பழைய ஆங்கிலத்தின் ‘வோகோர்’ பெருக்கத்தையும் வழித்தோன்றலையும் குறித்தது. இடச்சு மொழியின் ‘வூக்கர்’ இன்றும் கொடுவட்டியைக் குறிக்கிறது. செருமானியக் கிளைமொழிகளுள் மிகப் பழைய எழுத்துச் சான்று கோத்திய மொழியில் உள்ளது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோத்தியத்தில் பெயர்த்த வுல்ஃபிலா, லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறுவதைக் கூறும் இடத்தில் இச்சொல்லின் கோத்திய வடிவமான ‘வோக்ர்ஸ்’ என்பதையே ஆள்கிறார்.

அவர் மொழிபெயர்த்த கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘தோகோஸ்’. அது ‘ஈனுதல்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது; பிள்ளை, குட்டி என்பன அதன் முதற்பொருள். வட்டி மிகவும் வெறுக்கத்தக்கது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டபோது இந்தச் சொல்லையே சான்றாகக் கொண்டார்: ஈன்றதைப் போலவே ஈனப்பட்டதும் இருப்பதால் பணம் பணத்தை ஈனுகிறது, அது இயற்கைக்கு மாறானது என்பது அவர் கருத்து. இலத்தீன் மொழியில் வட்டியைக் குறித்த ‘ஃபேனுஸ்’ என்பதைக் கருவைக் குறிக்கும் ‘ஃபேதுஸ்’ என்பதோடு உரோமானிய இலக்கண அறிஞர் வார்ரோ இணைத்தார். இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சுமேரியத்தில் வட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ‘மாஷ்’ என்பதே பெயர்.

வுல்ஃபிலா கிரேக்கச் சொல்லின் உருவகத்தை வலிந்து கடன் வாங்கினார் என்று கருத வேண்டியதில்லை. ஈற்றைக் குறிக்கும் சொல் அவர் மொழியிலேயே ஆயத்தமாக இருந்தது. அதன் வேர், வளர்தலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர். ‘வளர்’ என்னும் பொருளில் இன்று வழங்கும் செருமானிய வினை ‘வாக்ஸன்’, இலத்தீனின் ‘அவுகேரே’ ஆகியவை அதே குடும்பத்தின.

இதற்கு மிகத் தெளிவான சான்று நாட்டுப்புற வழக்கில் கிடைக்கிறது. செருமானியத் தென்பகுதியிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர்ப் பசுக்களுக்கெனப் பொதுவில் வைக்கப்பட்ட காளைக்கு ‘வூகர்ஷ்டீர்’ என்று பெயர். ‘ஷ்டீர்’ என்பது காளை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நமக்குக் கிடைப்பது ‘பொலிகாளை’.

பொலி

பொலிகாளை, பொலியெருது என்னும் சொற்கள் தமிழகராதிகளில் இடம்பெற்றவை. காங்கயம் மாட்டினத்தின் தாயகமான இன்றைய திருப்பூர் மாவட்டப் பகுதியில் ‘பூச்சிக்காளை’ என்பது உழவர் நாவில் மிகுதியாக வழங்குகிறது, ‘பொலிகாளை’ பொதுவழக்கு. ‘பொலிதல்’ என்னும் வினைக்குச் செழித்தல், பெருகுதல், விலங்குகள் இணைதல் என்னும் பொருள்கள் உள்ளன. ‘பொலி’ எனப் பெயராக நிற்கும்போது களத்தில் தூற்றுவதற்குரிய நெற்குவியலைக் குறிக்கும். களத்து மேட்டில் ‘பொலியோ பொலி’ என்று கூவி நெல் அளந்த வழக்கத்தை முதியோர் அறிவர். குவியலும் ஈற்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

இச்சொல்லிலிருந்து எழுந்த நிதிச்சொல் ‘பொலிசை’. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்க இதுவும் ‘பலிசை’ என்னும் வடிவமும் வருகின்றன. வட்டிக்குக் கொடுத்து வைத்த முதல் ‘பொலியூட்டு’ எனப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் கோயிற்பணம் ஊர்ச்சபைகளிடம் பொலியூட்டாக வைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, அங்குக் காணப்படும் வீதம். கொங்குக் கல்வெட்டுகளிலும் சந்தியாதீபம் எரிக்க அச்சு என்னும் நாணயத்தைக் கோயிலாரிடம் முதலாக ஒப்படைத்து, அதன் ஆதாயத்தால் விளக்கெரிக்கச் செய்த ஏற்பாடுகள் உண்டு.

எழுத்துத் தமிழில் பொலிசை வழக்கொழிந்தது. ஆயினும் அது முற்றாக மறையவில்லை. திருப்பூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் வங்கிப் பலகைகளில் வட்டி ‘பலிச’ என்றே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மலையாளிகளுக்கு அது நாள்தோறும் புழங்கும் சொல். அதில் களத்துப் பொலி ஒளிந்திருப்பதை அவர்களும் இன்று உணர்வதில்லை.

வட்டி

பொலிசையின் இடத்தைப் பிடித்த ‘வட்டி’, சுற்றிவருவதைக் குறிக்கும் ‘வட்டம்’ என்பதிலிருந்து வந்தது எனக் கொள்வாரும் உளர். ஆண்டு வட்டத்தைக் குறிக்கும் ‘ஆட்டைவட்டம்’ என்னும் தொடர் வட்டிக் கணக்குகளை ஒட்டியே கல்வெட்டுகளில் வருவதால் இக்கருத்து கவர்ச்சியானது. எனினும் ஒலியியல் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. வளர்ச்சியைக் குறிக்கும் வடமொழி ‘விருத்தி’, பாகதத்தில் நாமடி ஒலி இரட்டித்து மெல்லோசையுடன் வழங்கியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்று வட்டியைக் குறிக்கும் சொற்களில் அதே மெல்லோசை டகர இரட்டை நிற்கிறது. தமிழில் இரட்டித்த டகரம் வல்லோசையாகவே ஒலிக்கும். ஆகவே அச்சொல் தமிழில் ‘வட்டி’ ஆவது இயல்பு. வட்டத்திலிருந்து பிறந்திருந்தால் அண்டை மொழிகளின் மெல்லோசைக்கு விளக்கம் கூற இயலாது. தமிழ்ப் பேரகராதியும் இதனை விருத்தியோடே சேர்க்கிறது. சங்க இலக்கியத்தில் வரும் ‘வட்டி’ பனையோலைக் கடகம். இதற்கும் அதற்கும் உறவில்லை.

எனவே பொலிசை போய் வட்டி வந்தபோது சொல் மாறியது; உருவகம் மாறவில்லை. முன்னதும் பெருக்கம், பின்னதும் பெருக்கம். மாறியது ஒன்றே: ‘பொலி’ என்றால் தமிழ் உழவனுக்குக் காளை நினைவுக்கு வரும், ‘வட்டி’ என்றால் எதுவும் நினைவுக்கு வராது. பொருள் துலங்காத கடன்சொல் கணக்குச் சொல்லாக நிலைபெறுவது எளிது.

ஆடைத்தொழில் பகுதியைப் பற்றிய கட்டுரையில் நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்றைச் சுட்டாமல் விட இயலாது. நகபானனின் மருமகன் உசவதாதன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, குகையில் தங்கும் துறவியருக்காக 3000 கார்சாபணங்களைக் கோவர்த்தனத்து நெசவாளர் குழுக்களிடம் வைத்தான். 2000 ஒரு குழுவிடம் மாதம் நூற்றுக்கு ஒன்று வீதத்திலும், 1000 மற்றொரு குழுவிடம் நூற்றுக்கு முக்கால் வீதத்திலும் வைக்கப்பட்டன. முதலைத் திருப்பித் தர வேண்டா, அதன் வட்டியே துய்க்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கு வட்டிக்கு ஆளப்படுவது நம் ‘வட்டி’க்கு மூலமான பாகதச் சொல்லே. நெசவாளர் இங்குக் கடனாளியாகத் தாழ்ந்து நிற்கவில்லை. ஊரார் நம்பிப் பணம் வைக்கும் நிறுவனமாக நிற்கின்றனர்.

சாகாத ஆடும் இரும்பு மாடும்

உருவகம் வெறும் அணி அன்று என்பதைச் சோழர் காலத் திருவிளக்குக் கொடைகள் காட்டுகின்றன. ஒரு நந்தாவிளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் தர 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. தஞ்சைக் கணக்கில் 96 ஆடுகளுக்கு 48 பசுக்களோ 16 எருமைகளோ ஈடு. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், மந்தையின் எண்ணிக்கை சாகாது. இறப்பதை ஈற்றால் ஈடுசெய்வது ஏற்றவரின் பொறுப்பு. ‘முதல்’ என்னும் கருத்தை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமா என்பது ஐயமே.

செருமானிய நாட்டுச் சட்டமரபில் இதற்கு அப்படியே இணையான ஏற்பாடு உண்டு. குத்தகைக்கு விட்ட பண்ணையின் கால்நடைகளை எத்தனை பெற்றாரோ அத்தனையாகவே குத்தகையாளர் திருப்பித் தர வேண்டும். இதற்கு ‘இரும்புக் கால்நடை’ என்று பெயர். இரும்பு மாடு சாவதில்லை என்பது அங்குச் சட்டப் பழமொழி. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சமூகங்கள், முதலைச் சாகாத விலங்காகக் கண்டன.

ஆடுகளை ஏற்ற இடையர் கல்வெட்டுகளில் ‘மன்றாடி’ எனப்படுகின்றனர். காங்கயம் இனத்தைப் பேணியதில் பெயர் பெற்ற பழையகோட்டைப் பட்டக்காரர் மரபின் பட்டப்பெயரும் ‘மன்றாடியார்’ என்பது. இவ்விரண்டின் உறவு தனியே ஆராயத்தக்கது.

கொங்கு நாட்டில் மாட்டையும் ஆட்டையும் ‘வாரத்துக்கு விடுதல்’ இன்றும் வழக்கில் உள்ளது. உடையவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர். ஈனும் குட்டியிலோ விற்ற விலையிலோ இருவருக்கும் பங்கு. குட்டி பிறக்காத ஆண்டில் பங்கும் இல்லை. இந்த ஒரு கூறே வாரத்தை வட்டியிலிருந்து பிரிக்கிறது: ஈற்றின் இடரை இருவரும் சுமக்கின்றனர். வட்டியில் மாடு மலடானாலும் கன்று பிறந்ததாகவே கணக்கு.

சொல்லின் வீழ்ச்சி

‘வூகர்’ இழிசொல்லானது இந்த இடத்தில்தான். கிறித்தவத் திருச்சபை இடைக்காலத்தில் வட்டியையே பாவமாக விலக்கியது. ஆகவே ஈற்றைக் குறித்த சொல் பாவத்தைக் குறிக்கத் தொடங்கியது. கிறித்தவருக்கு விலக்கப்பட்ட தொழில், பிற தொழில்கள் மறுக்கப்பட்டிருந்த யூதர்மேல் விழுந்தது; சொல்லும் அவர்கள்மேல் வீசப்படும் வசவாயிற்று. அந்தக் கறை இன்றும் சொல்லில் இருக்கிறது. மொழிபெயர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. மார்ட்டின் லூத்தர் 1540இல் வூகருக்கு எதிராகப் போதிக்குமாறு குருமாருக்கு எழுதினார். அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பிலிருந்தே ‘தன் பவுண்டைக் கொண்டு வூகர் செய்தல்’ என்னும் மரபுத்தொடரும் எழுந்தது. தனக்கு வாய்த்த திறமையைப் பயன்படுத்திப் பெருக்குதல் என்பது அதன் பொருள். அதில் இகழ்ச்சி சிறிதும் இல்லை.

முறையான வட்டிக்குச் செருமானியர் வேறொரு சொல்லைக் கைக்கொண்டனர். அது ‘ட்சின்ஸ்’, குடிமதிப்பையும் வரியையும் குறித்த இலத்தீன் ‘கேன்சுஸ்’ என்பதன் திரிபு. ஆக, ஏற்கத்தக்க வட்டிக்கு அரசின் வரிச்சொல்லும் ஏற்கத்தகாத வட்டிக்கு மாட்டுக்கொட்டிலின் சொல்லும் என இரண்டும் பிரிந்தன. தமிழில் இந்தப் பிரிவு நேரவில்லை. இரண்டிற்கும் ‘வட்டி’ ஒன்றே. கொடுமையைக் காட்ட முன்னே ஓர் அடை வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானியச் சிற்றூர்களில் வூகர் மீண்டும் மாட்டோடு வந்து சேர்ந்தது. ஏழை உழவருக்கு மாட்டைக் கடனாகக் கொடுத்து அதன் பயனை உறிஞ்சும் முறை ‘மாட்டு வூகர்’ எனப்பட்டது. பிரீடரிக் வில்லெல்ம் ரைஃபைசன் 1849இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் தொடங்கிய உதவிச் சங்கத்தின் முதல் வேலை, உழவருக்கு மாடு வாங்கிக் கொடுத்து விலையை ஐந்தாண்டுத் தவணையில் பெற்றுக்கொள்வதே. இன்று உலகெங்கும் பரவியுள்ள கூட்டுறவுக் கடன்முறை மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது என்றால் மிகையன்று.

அதனைத் தமிழகத்துக்குக் கொணரப் பரிந்துரைத்தவர், திருப்பூர் அடங்கியிருந்த பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தை நன்கறிந்தவர். 1887இல் அம்மாவட்டத்தின் கையேட்டை வெளியிட்ட எஃப்.ஏ. நிக்கல்சனை, நிலவங்கிகள் பற்றி ஆராயச் சென்னை அரசு 1892இல் நியமித்தது. 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக வந்த அவரது அறிக்கையின் முடிவு, ஒரு ரைஃபைசனைத் தேடிக் காணுங்கள் என்பதாகும். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதன் வழி வந்தது. கோயம்புத்தூர்க் கையேடு வெளிவந்த அதே 1887இல் செருமானியச் சமூகக் கொள்கைக் கழகம் ‘நாட்டுப்புறத்தில் வூகர்’ என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டதும் குறிப்பிடத்தக்கது.

திருப்பூரில் காலத்தின் அளவு

திருப்பூரின் பின்னலாடை முதலாளிகளுள் பலர் சுற்றுப்புறத்து உழவர் குடிகளிலிருந்து வந்தவர்கள். தொழிலாளியாகத் தொடங்கி உழைப்பையே முதலாக்கி உடைமையாளர் ஆனதாக அவர்கள் தம் வரலாற்றைக் கூறிக்கொள்ளும் விதத்தைச் ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆய்ந்துள்ளார். மேய்ச்சற் கொறங்காட்டிலிருந்து தையல் கூடத்துக்கு வந்த அந்தப் பெயர்ச்சியில் வட்டியின் கால அளவும் மாறியது என்பதே இங்கு நாம் கூட்டிச் சொல்ல விழைவது.

பசு சினைப்பட்டு ஈன ஒன்பது மாதத்துக்கு மேலாகும். கல்வெட்டின் பொலிசை ஆண்டுக் கணக்கில் அமைந்தது இயல்பே. ஏற்றுமதித் துணிக்கு வெளிநாட்டு வாங்குநர் பணம் தர இரண்டு மூன்று மாதம் ஆவது வழக்கம். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்தும் சாயமிட்டும் அச்சிட்டும் தரும் சிறுகூடங்களோ சனிக்கிழமைதோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதக் கணக்கில் வரும் வரவுக்கும் வாரக் கணக்கில் போகும் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் குறுங்கடன் புகுகிறது. ஏற்றுமதியாளருக்கு வங்கியின் பேக்கிங் கிரெடிட் உண்டு. கடைநிலைக் கூடத்துக்கு அது எட்டுவது அரிது.

அளவுமீறிய வட்டியைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு சொல்லாய்வாளருக்குக் கிடைத்த புதையல். அதன் ஆங்கில வாசகத்திலேயே நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் வழக்குகளுக்கு விளக்கம் தரப்படுகிறது. ‘வட்டி’ என்னும் சொல் மொழிபெயர்க்கப்படாமலே அதில் நிற்கிறது. ‘கந்து’ என்பதற்குத் தெலுங்கில் தவணையைக் குறிக்கும் சொல் மிக அருகில் உள்ளது. மற்ற பெயர்களில் இரண்டு காலத்தின் பெயர்கள். மீட்டர் வட்டியில் வாடகை வண்டியின் மீட்டரைப் போல வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஈற்றின் காலத்திலிருந்து கடிகாரத்தின் காலத்துக்கு வந்துவிட்ட வட்டிக்குப் ‘பொலி’ என்னும் பெயர் ஒட்டாது. இந்த அடைகளைப் படைத்தவர் அகராதிக்காரர் அல்லர், கடன்பட்டவர்களே.

சட்டத்தின் அளவுகோல்

இச்சட்டம் வீதத்தை அளவாகக் கொண்டது. 1957ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி அரசு குறித்த வீதத்துக்கு மேற்பட்டது குற்றம். செருமானியச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. 1880ஆம் ஆண்டின் வூகர் சட்டமும், பின் வந்த குடிமைச் சட்டத்தின் 138ஆம் பிரிவும், இன்றைய குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவும் வீதத்தை எண்ணால் குறிப்பதில்லை. ஒருவரின் நெருக்கடியையோ அனுபவமின்மையையோ சுரண்டி, கொடுத்ததற்கும் பெற்றதற்கும் வெளிப்படையான பொருத்தமின்மை உண்டாகுமாறு செய்தல் அங்கு வூகர். அதனால்தான் அச்சொல் கடனைத் தாண்டி வாடகைக்கும் கூலிக்கும் செல்கிறது. அந்தத் துறையில் வழங்கும் ஒப்பந்தக் கூலியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகக் கொடுப்பதைக் கூலி வூகருக்கு அடையாளமாகச் செருமானியக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2009இல் ஏற்றது.

நம் சட்டத்திலும் இதனை ஒட்டிய ஒரு கூறு உண்டு. அது வேறு பெயரில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு சிறு நிறுவனத்துக்கு வாங்குநர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். பெரியவர் சிறியவரின் பணத்தை வட்டியின்றி வைத்திருப்பதும் ஒருவகைச் சுரண்டலே என்னும் கருத்து அதில் உள்ளடங்கியுள்ளது. செருமானியர் இதனை வூகர் என்று அழைக்க முற்பட்டால் சொல் இடம் தரும். தமிழில் இதனைக் கந்துவட்டி என்றால் நகைப்புக்கிடமாகும்.

ஆதலின் பழைய நூல்களில் விளைவையும் ஈற்றையும் சுட்டி வரும் ‘வூகர்’ என்பதைப் ‘பொலி’ என்றோ ‘பொலிசை’ என்றோ பெயர்க்கலாம். கோத்திய விவிலியத்தின் சொல்லுக்கும் அதுவே ஏற்றது. கடனைப் பற்றிய இடங்களில் ‘கொடுவட்டி’ போதும். ‘கந்துவட்டி’ தமிழகத்தின் ஒரு குறிப்பிட்ட நடைமுறையின் பெயராதலால் அதனை அயல்நாட்டு வழக்குக்கு ஏற்றுதல் தகாது. வாடகைக்கும் கூலிக்கும் வரும்போது வட்டி என்னும் சொல்லையே விடுத்து, ‘நெருக்கடிச் சுரண்டல்’ என்பதைச் சட்டச் சொல்லாகக் கொள்ளலாம் என்பது எம் பரிந்துரை. ‘லோன்வூகர்’ அப்போது ‘கூலிச் சுரண்டல்’ ஆகும். சுரண்டல் எந்தத் துறையிலும் நிகழலாம் என்பதால், துறையின் பெயரை முன்னே சேர்த்துப் புதிய சொற்களை ஆக்கவும் இவ்வமைப்பு இடம் தருகிறது.